வி.பி.பி. பார்சலும் திரும்பி வந்த சுங்குடியும்

நான் வேலை பார்க்கும் சூரத்தில் இன்டர்நெட்டில் துணி விற்காதவர்கள் குறைவு. ரிங் ரோடு மொத்தக் கடைக்காரரின் மருமகனில் இருந்து எங்கள் அடுக்ககத்தில் நாலாவது மாடியில் இருக்கும் வங்கி வாடிக்கையாளர் வரைக்கும் யாராவது ஒருத்தர் பார்சலுக்கு டேப் ஒட்டிக்கொண்டே இருப்பார். இவர்கள் எல்லாரும் ஒரே குரலில் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு. "இந்த ரிட்டர்ன் தொல்லை எல்லாம் ஆன்லைன் வந்த பிறகுதான் சார், அந்தக் காலத்துல வித்தா வித்ததுதான்."

வித்தா வித்ததுதான் என்பது பார்த்து, தொட்டு, பேரம் பேசி வாங்கிய கடைக்குப் பொருந்தலாம். பார்க்காமல் வாங்கிய சரக்குக்கு அது எந்தக் காலத்திலும் முழுசாகப் பொருந்தியதில்லை. நம் நாட்டில் இதற்கு நூற்று நாற்பது வருஷத்துக்கு மேல் கணக்கு இருக்கிறது. கொஞ்சம் பழைய கதை என்றாலும் பொறுமையாகப் படியுங்கள், கடைசியில் ஒரு சுங்குடிப் புடவை வருகிறது :-)

1877ல் இந்தியத் தபால் துறை வி.பி.பி. என்று ஒன்றை ஆரம்பித்தது. வேல்யூ பேயபிள் போஸ்ட். என் வயசுக்காரர்களுக்கு விளக்க வேண்டாம், பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். வார இதழின் கடைசிப் பக்கங்களில் விளம்பரம் இருக்கும். கைக்கடிகாரம், தைலம், ஜோதிடப் புத்தகம், இங்கிலீஷ் முப்பதே நாளில். ஒரு கார்டு எழுதிப் போட்டால் போதும், முன்பணம் வேண்டாம். பத்து நாளில் தபால்காரர் பார்சலோடு வாசலில் நிற்பார். காசைக் கொடுத்தால் பார்சல் கைக்கு வரும். அந்தக் காசு மணியார்டராக விற்றவருக்குப் போய்ச் சேரும். மணியார்டர் வேலை கஜானாக்களிடமிருந்து தபால் துறைக்கு வந்தது 1880ல். இந்த இரண்டும் சேர்ந்தபோது, கல்கத்தாவில் இருக்கும் கடைக்காரன் திருநெல்வேலிப் பக்கம் ஒரு குக்கிராமத்தில் இருக்கும் முகம் தெரியாத ஆளுக்குச் சரக்கு விற்க முடிந்தது. மாதுங்காவிலும் கரோல்பாக்கிலும் குடியேறிய நம்மவர்கள் பஞ்சாங்கமும் தமிழ்ப் புத்தகமும் வரவழைத்த வழியும் இதுதான்.

இப்போது கேஷ் ஆன் டெலிவரி என்று சொல்கிறோமே, அச்சு அசல் அதேதான். தபால்காரருக்குப் பதில் பைக்கில் வரும் பையன், அவ்வளவுதான் வித்தியாசம்.

அதே வியாதிகளும் அப்போதே இருந்தன. முதல் வியாதி, ஆர்டர் கொடுத்தவர் வாங்க மறுப்பது. பார்சல் வரும் நாளில் வீட்டில் காசு இருக்காது. அல்லது கார்டு போட்டது மகன், வாசலில் நிற்பது அப்பா. பார்சல் அஞ்சலகத்தில் சில நாள் கிடந்துவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பும். போக்குவரத்துச் செலவு விற்றவர் தலையில். சூரத் வியாபாரிகள் இதை இன்றைக்கு ஆர்.டி.ஓ. என்கிறார்கள். ரிட்டர்ன் டு ஆரிஜின். முதல் தடவை ஒரு வாடிக்கையாளர் "இந்த மாசம் ஆர்.டி.ஓ. ஜாஸ்தி" என்றபோது, மனுஷன் லாரி ஏதாவது ஓட்டுகிறாரா என்று நினைத்தேன்.

இரண்டாவது வியாதி இன்னும் சுவாரசியமானது. யாரும் கேட்காத பார்சலை வி.பி.பி.யில் அனுப்பிவிடுவது. வீட்டுக்காரர் வெளியே போயிருப்பார். அவர் ஏதோ சொல்லித்தான் வந்திருக்கும் என்று வீட்டம்மா காசைக் கொடுத்துவிடுவார். பிரித்தால் உதவாக்கரைச் சாமான். இது எவ்வளவு நடந்தது என்று தனியாக ஆராய வேண்டியதே இல்லை, 1898ஆம் வருஷத்து இந்திய அஞ்சலகச் சட்டத்தைப் பார்த்தால் போதும். நடக்காத தப்புக்கு யாரும் விதி எழுத மாட்டார்கள். உண்மையாக வந்த ஆர்டருக்காகத்தான் இதை அனுப்புகிறேன் என்று அனுப்புபவர் எழுதிக் கொடுக்க வேண்டும் என விதிக்க அந்தச் சட்டத்தின் 35ஆம் பிரிவு அதிகாரம் கொடுத்தது. மோசடி என்றால், வாங்கியவர் கட்டிய பணத்தை விற்றவருக்கு அனுப்பாமல் நிறுத்திவைத்து, கட்டியவருக்கே திருப்பித் தரவும் அதே பிரிவில் வழி இருந்தது.

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் இரண்டு முறை படித்தேன். பணத்தை நடுவில் நிறுத்திவைப்பது, புகாரை விசாரிப்பது, திருப்பிக் கொடுப்பது. இன்றைய ரீஃபண்ட் ஏற்பாட்டின் எலும்புக்கூடு அந்தப் பழைய சட்டத்திலேயே இருக்கிறது. (இந்தச் சட்டம் 2024 ஜூன் வரை உயிரோடு இருந்தது. அதன் இடத்தில் வந்தது 2023ஆம் வருஷத்து அஞ்சலகச் சட்டம்.)

வி.பி.பி.யில் ஒரு குறை இருந்தது. காசு கட்டிய பிறகுதான் பிரிக்க முடியும். பெட்டிக்குள் கடிகாரமா செங்கல்லா என்பது தபால்காரருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. செங்கல் வந்த கதை இல்லாத ஊர் ஏது? அமெரிக்காவில் மான்ட்கோமரி வார்டு 1872ல் தபால் வழி வியாபாரம் தொடங்கி, 1875லேயே பிடிக்காவிட்டால் பணம் வாபஸ் என்று உறுதி கொடுத்துவிட்டார். பார்க்காமல் வாங்குகிறவனின் பயத்தைத் தன் செலவில் போக்குகிறவனுக்குத்தான் வியாபாரம் பெருகும் என்பது அவர் கணக்கு. இங்கே அந்தக் கணக்கைப் போட நமக்கு வெகுகாலம் ஆனது.

சட்டம் மட்டும் முந்திக்கொண்டது. பி.காம். படித்தவர்களுக்கு 1930ஆம் வருஷத்து சரக்கு விற்பனைச் சட்டம் நினைவிருக்கும். கேவியட் எம்ப்டர், அதாவது வாங்குகிறவனே உஷார் என்ற ஒரு வரியை மனப்பாடம் செய்து ஐந்து மார்க் வாங்கினோம். ஆனால் அந்த 16ஆம் பிரிவைப் படித்தால் விதியை விட விதிவிலக்குதான் பெரிதாக இருக்கும். 15ஆம் பிரிவு இன்னும் நேரானது: விவரம் சொல்லி விற்றால் சரக்கு அந்த விவரத்துக்குப் பொருந்த வேண்டும். தபாலில் விற்பதும் ஆன்லைனில் விற்பதும் விவரம் சொல்லி விற்பதுதானே. 41ஆம் பிரிவின்படி, முன்பு பார்த்திராத சரக்கைச் சோதித்துப் பார்க்க நியாயமான வாய்ப்புக் கிடைக்கும் வரை வாங்கியவர் அதை ஏற்றுக்கொண்டதாக ஆகாது.

எனக்கு மிகவும் பிடித்தது 43. மறுக்க உரிமை உள்ளவர் சரக்கை மறுத்தால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், அதைத் திருப்பி அனுப்ப வேண்டிய கடமை அவருக்கு இல்லை. மறுத்துவிட்டேன் என்று சொன்னால் போதும். எடுத்துப் போவது விற்றவர் பாடு. வீட்டுக்கே வந்து ரிட்டர்ன் எடுத்துப் போகிறார்கள், எவ்வளவு தாராளம் என்று வியக்கிறோம். 1930ல் அச்சான சமாச்சாரம் அது.

அப்புறம் எப்படி நம் பில்களில் எல்லாம் "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்ற வரி வந்தது? அதே சட்டத்தின் 62ஆம் பிரிவு, இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்டால் இந்த உரிமைகளை விலக்கிக்கொள்ளலாம் என்கிறது. கடைக்காரர் பில்லில் அச்சடித்துவிட்டார், நாம் மடித்துப் பையில் வைத்துக்கொண்டோம். முந்நூறு ரூபாய்ப் புடவைக்காக சிவில் கோர்ட்டுக்கு யார் போவார்கள்? 1986 டிசம்பரில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகுதான் சாதாரண ஆள், வக்கீல் இல்லாமலே, மாவட்ட அளவில் முறையிட்டு விலையைத் திரும்பக் கேட்க முடிந்தது. அதற்குப் பதிலாக வந்த 2019 சட்டம் இன்னும் தெளிவு. குறையுள்ள சரக்கைத் திரும்ப எடுக்க மறுப்பதும் பணத்தைத் தர மறுப்பதும் முறையற்ற வணிகம். பில்லில் கெடு எதுவும் போடவில்லை என்றால் முப்பது நாள். 2020 ஜூலையில் வந்த மின் வணிக விதிகள் ஆன்லைன் விற்பனையாளருக்கு இதையே இன்னும் விரித்துச் சொல்கின்றன: சரக்கு குறையுள்ளதாகவோ போலியாகவோ இருந்தாலோ, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாவிட்டாலோ, சொன்ன தேதிக்குப் பிந்தி வந்தாலோ திரும்ப எடுக்க மறுக்கக்கூடாது.

இதில் எங்குமே "கலர் பிடிக்கலை, மனசு மாறிடுச்சு" என்பது இல்லை என்பதைக் கவனியுங்கள். அது சட்டம் கொடுத்த உரிமை இல்லை, விற்பனைத் தளங்கள் வியாபாரத்துக்காகக் கொடுக்கும் சலுகை. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதில்தான் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் பாதிச் சண்டை.

இன்டர்நெட் காலத்துக்கு வருவோம். 1999ல் பெங்களூரில் ஃபேப்மார்ட், 2000ல் பாஸீ. பாஸீயை 2004ல் ஈபே வாங்கியது. அங்கே பைசாபே என்று ஓர் ஏற்பாடு இருந்தது. வாங்குகிறவர் கட்டும் பணம் நேராக விற்பவருக்குப் போகாமல் நடுவில் நின்று, சரக்கு அனுப்பிய பிறகு விடுவிக்கப்படும். ஈபேயின் இந்தியத் தளம் 2018 ஆகஸ்டில் மூடப்பட்டது. ஆனால் அந்த யோசனை எல்லா இடத்துக்கும் பரவிவிட்டது. 2010ல் ஃபிளிப்கார்ட் கேஷ் ஆன் டெலிவரியைக் கொண்டுவந்தது. கார்டு நம்பரை இன்டர்நெட்டில் தட்டப் பயந்த ஜனங்களை உள்ளே இழுத்தது அதுதான்.

இங்கே எங்கள் வங்கிக்காரர்கள் பங்கும் கொஞ்சம் உண்டு. நடுவில் நிற்கும் பணம் யாருடையது? இடைத்தரகர் அதைத் தன் சம்பளச் செலவுக்கு எடுத்துவிட்டால்? 2009 நவம்பரில் ரிசர்வ் வங்கி அந்தப் பணத்தைத் தனிக் கணக்கில் வைக்க வேண்டும், இத்தனை நாளுக்குள் வியாபாரிக்குத் தர வேண்டும் என்று உத்தரவு போட்டது. 2020 மார்ச்சில் வந்த வழிகாட்டு விதிகளில், ரீஃபண்ட் எந்த வழியில் வந்ததோ அதே வழியில் போக வேண்டும், வாடிக்கையாளர் சம்மதித்தால் மட்டும் வேறு வழி என்று வந்தது. கார்டில் கட்டியவருக்கு கார்டுக்கே. கூப்பனாகத் தலையில் கட்டமுடியாது. (போகிறபோக்கில் ஒன்று: பணம் உங்களுக்கு வருவதற்கு யுபிஐ பின் நம்பர் தேவையே இல்லை. ரீஃபண்டுக்கு பின் போடு என்று எவனாவது போனில் சொன்னால் உடனே வைத்துவிடுங்கள். இதை வாரம் ஒருவருக்காவது கவுண்டரில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.)

ஆக, கதை முழுக்க ஒரே கேள்விதான். முன்பின் தெரியாத இரண்டு பேர் ஒருவரை ஒருவர் நம்பும் வரை பணம் யார் கையில் இருப்பது? முதலில் தபால் துறை வைத்திருந்தது. இப்போது தளம் வைத்திருக்கிறது. ஒரு வித்தியாசம், தபால் துறைக்கு எந்தப் பக்கமும் சொந்த லாபம் இல்லை. தளத்துக்கு வாங்குகிறவர் மறுபடி வர வேண்டும் என்ற ஆசை உண்டு. விற்பவர் ஒருத்தர் போனால் இன்னொருத்தர் வருவார்.

நாலாவது மாடிக்காரர் என்றேனே, அவர் மதுரைக்காரர். கணவருக்கு ஹசீராவில் ஆலை வேலை. தம்பி மதுரையிலிருந்து சுங்குடிச் சேலை அனுப்புவார், இவர் இங்கிருந்து விற்கிறார். சுங்குடி முடிச்சுப் போட்ட சௌராஷ்டிர மக்களின் முன்னோர் இந்த குஜராத்திலிருந்து போனவர்கள்தானே. சுங்குடியே ரிட்டர்ன் டு ஆரிஜின் ஆகியிருக்கிறது என்று நான் கேலி செய்வதுண்டு.

ஒரே வாரத்தில் அவருக்கு இரண்டு ரிட்டர்ன். ஒன்று, கலர் வேறு என்று காரணம் போட்டுத் திரும்பியது. பிரித்தால் உள்ளே சாயம் வெளுத்த பழைய பாலியெஸ்டர் புடவை. அவர் அனுப்பிய 1,850 ரூபாய்ச் சேலை அங்கேயே தங்கிவிட்டது. அடுத்தது புனேயிலிருந்து. மகள் வளைகாப்புக்கு வாங்கிய 1,150 ரூபாய்ச் சேலை, ஒரு தடவை அலசியதில் அரக்குச் சாயம் இறங்கி வெளிர் நிறக் கரை முழுக்கத் திட்டுத் திட்டாகிவிட்டது. போட்டோ அனுப்பி, பணம் வேண்டும் என்று கேட்டிருந்தார் அந்த அம்மா.

"அண்ணே, ஒருத்தி பழசைக் கட்டி அனுப்பிட்டா, இன்னொருத்தி துவைச்சுட்டுத் திருப்புறா. ரெண்டு பேருக்கும் நான்தான் அழணுமா? புனேக்காரங்களுக்கு முடியாதுன்னு போடப் போறேன். துவைச்ச துணியை எந்தக் கடைல எடுப்பாங்க?"

கோபம் நியாயம்தான். ஆனால் முதல் ஆள் மேல் உள்ள கோபம் இரண்டாவது ஆள் தலையில் இறங்கிக்கொண்டிருந்தது. விளம்பரத்தில் என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று காட்டச் சொன்னேன். "சாயம் போகாது, கியாரண்டி" என்று இருந்தது. பக்கத்துக் கடைக்காரரின் விளம்பரத்திலிருந்து அப்படியே எடுத்துப் போட்ட வரியாம். சுங்குடியை முதல் இரண்டு மூன்று தடவை தனியாக, உப்புத் தண்ணீரில் அலச வேண்டும் என்று மதுரையில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். புனேயில் இருப்பவருக்கு எழுதினால்தானே தெரியும்? இது வெறும் மனசு மாற்றம் இல்லை. சொன்ன தன்மை சரக்கில் இல்லை, 1930 சட்டத்தின்படியும் சரி, 2020 விதியின்படியும் சரி.

"துவைக்காம எப்படிம்மா சாயம் போகுதான்னு தெரியும்?" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு ஒப்புக்கொண்டு ரிட்டர்னை ஏற்றார். விலையும், போக வர கூரியர் செலவும் அடுத்த செட்டில்மென்ட்டில் பிடித்துக்கொண்டார்கள்.

பாலியெஸ்டர் விவகாரம்தான் இழுத்தது. இவரிடம் பார்சல் கட்டிய வீடியோ இருந்தது, திரும்பி வந்ததைப் பிரித்த வீடியோவும் இருந்தது. முதல் புகார் தள்ளுபடி. பிரிக்கும் வீடியோவில் கூரியர் லேபிள் நம்பர் தெரியவில்லையாம். அவர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா என்று கேட்டார். அங்கேதான் சிக்கல். வணிக நோக்கத்துக்காகச் சேவை பெறுகிறவரை 2019 சட்டம் நுகர்வோர் என்று கணக்கில் எடுப்பதில்லை. 1986ல் இந்தப் பாகுபாடு பொருத்தமாக இருந்தது. விற்பவர் என்றால் பெரிய கடை, வாங்குபவர் என்றால் சம்பளக்காரர். இன்றைக்கு விற்பவர் நாற்பது சேலையைக் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கும் ஒரு பெண், வாங்குபவர் இருபதாவது மாடிக்காரராக இருக்கலாம். ஏமாற்றப்பட்ட சின்ன விற்பனையாளர் சீக்கிரமாகப் போய் நிற்க ஓர் இடம் வேண்டும் என்பது என் கட்சி. 1898ல் அனுப்புகிறவரிடம் எழுதி வாங்கினார்கள், திருப்புகிறவரிடமும் ஓர் உறுதிமொழி வாங்கினால் என்ன குறைந்துவிடும்?

மறுமுறையீட்டில், கட்டும்போது எடுத்த வீடியோவையும், கூரியர்காரர் ரிட்டர்னைக் கொடுத்தபோது எடுத்த லேபிள் போட்டோவையும் சேர்த்து அனுப்பினார். மூன்று வாரம் கழித்து 1,850ம் வந்தது, கூரியர் செலவு வரவில்லை. இடைப்பட்ட மூன்று வாரமும் தம்பிக்குச் சரக்குப் பணம் பாக்கி.

இப்போது அவர் ஒரு நோட்டுப் போட்டிருக்கிறார். நாம் காலேஜில் விற்பனைத் திருப்ப ஏடு என்று கோடு போட்டோமே, அதேதான். மூன்று பத்தி: வாசலிலேயே மறுத்தது, மனசு மாறியது, சரக்கில் குறை. மூன்றாவது பத்தியில் ஒரே சேலை வகை இரண்டு தடவை வந்தால் அதன் விளம்பரத்தைத் திருத்துகிறார். கடன் கேட்டு வருகிறவர்களிடமும் நான் இந்த நோட்டைத்தான் கேட்கிறேன். சின்ன யூனிட்டுகளுக்கு நடைமுறை மூலதனக் கடனை விற்றுமுதலில் 20 சதவீதம் என்று கணக்குப் போடுகிறோம். நாற்பது லட்சம் விற்றேன் என்று காட்டி, அதில் பத்து லட்சம் திரும்பி வந்திருந்தால் கணக்கு முப்பது லட்சத்துக்குத்தான், எட்டு லட்சம் இல்லை, ஆறு. இந்த இரண்டு லட்சத்துக்காக என்னோடு சண்டை போடாத ரிங் ரோடு வியாபாரியே கிடையாது.

புனேயிலிருந்து திரும்பிய சேலை அவர் வீட்டிலேயே இருக்கிறது, விற்க முடியாதே. விளம்பரத்தில் கியாரண்டி வரி போய், "முதல் மூன்று அலசலுக்கு உப்புத் தண்ணீர், தனியாக" என்று இந்தியிலும் மராத்தியிலும் வந்திருக்கிறது. மராத்தி வரியைப் பிழை திருத்திக் கொடுத்தது அந்தப் புனே அம்மாதான். போன மாசம் இன்னொரு சேலை ஆர்டர் கொடுத்தார்களாம், கேஷ் ஆன் டெலிவரி வேண்டாம் என்று முன்கூட்டியே பணம் கட்டி.